அப்பச்சியையும் ஆத்தாவையும் முதன்முதலாக விமானம் ஏற்றும் முன்

ஓர் ஆச்சி கேட்டிருந்தது இது (எங்கள் பக்கத்தில் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா, ஆச்சி என்பது பெண்களை மரியாதையாக அழைப்பது): "அண்ணே, நாங்கள் தேவகோட்டை. அப்பச்சிக்கு 71 வயது, சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். ஆத்தாவுக்கு 66. தைப்பூசத்துக்குப் பினாங்கு போக வேண்டும் என்பது அப்பச்சிக்கு ரொம்ப நாள் ஆசை. பிறகு சிங்கப்பூரில் தம்பி வீட்டில் இரண்டு வாரம். இருவருக்கும் இதுதான் முதல் விமானம். அப்பச்சியின் பாஸ்போர்ட் ஒன்பது வருடம் முன்பு எடுத்தது, ஒரு முத்திரைகூட விழவில்லை. ஆத்தாவுக்கு இனிமேல்தான் எடுக்க வேண்டும். கூடவே சித்தப்பா மகனும் வருகிறான், 23 வயது. 'சுற்றிப்பார்க்கிற மாதிரி போய் மலேசியாவிலேயே வேலை தேடிக்கொள்கிறேன்' என்கிறான். எங்கே தொடங்குவது?"

ஆச்சி, தைப்பூசத்துக்குப் போக வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள். நான்கு மாதம் என்பது அதிகமாகத் தெரியும். ஆத்தாவின் பாஸ்போர்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதால் அது சரியான கணக்குத்தான். காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட், விசா எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். விமான நிலையத்திலிருந்து பதறிப்போய் எனக்குப் போன் செய்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தவறு நடந்த இடம் அந்தக் கவுன்டர் இல்லை. இரண்டு மூன்று மாதம் முன்பு வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து படிவம் எழுதினார்களே, அங்கேதான். அதனால் முதலில் பெயர்.

நம் பக்கத்தில் ஒருவருக்குப் பெயர் ஒன்று, அதன் முன்னால் விலாசம் ஒன்று. இரண்டு மூன்று தலைமுறையின் முதலெழுத்துகள் சேர்ந்து நிற்கும். மொய் ஏட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான் நம் அடையாளம். பாஸ்போர்ட் படிவத்துக்கு அது புரியாது. அங்கே முதலெழுத்தாகப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். மூன்று தலைமுறையையும் விரித்தால் கட்டம் போதாது. அதனால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதிவிடுகிறார்கள். ஒருவர் தன் பெயரை மட்டும் போட்டுக் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுகிறார். இன்னொருவர் அப்பச்சி பெயரை அங்கே போடுகிறார். சட்டப்படி இரண்டும் சரிதான். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. நீங்கள் இப்போது துபாய் போகவில்லை. நாளைக்கு ஒரு பேரன் அங்கே வேலைக்குப் போனால் ஆத்தா போகமாட்டார்களா? புதிதாக எடுக்கும் பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஒரு கட்டம், அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயர் கட்டத்தில், இப்படி எழுதுவதையே நான் சொல்வேன்.

அடுத்தது எழுத்து. அழகப்பன் என்பதை ஆங்கிலத்தில் சிலர் ஒற்றை 'எல்' போட்டு எழுதுகிறார்கள், சிலர் 'இசட்-எச்' போட்டு எழுதுகிறார்கள். லெட்சுமணன், லட்சுமணன், லக்ஷ்மணன் மூன்றும் ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பேர். ஆத்தாவின் ஆதார், பான், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா? நம் ஆத்தாமார்கள் பலருக்கு ஆதாரில் ஏதோ ஒரு வருடம், ஜனவரி 1 என்று யாரோ போட்டுவைத்திருப்பார்கள். பானில் பள்ளிச் சான்றிதழ்த் தேதி இருக்கும். இரண்டும் மோதினால் பாஸ்போர்ட் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் அது கட்டாயம். மற்றவர்களுக்குப் பான், பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவை போதும்.

முகவரியில் ஒரு சிக்கல், இது செட்டிநாட்டுக்கே உரியது. ஆதாரில் ஊரில் உள்ள பெரிய வீட்டு முகவரி இருக்கும். வீடு பூட்டிக் கிடக்கும், குடியிருப்பது வேறு ஊரில் ஒரு வாடகை வீட்டில். காவல் துறை விசாரணை நீங்கள் எழுதிய முகவரிக்குத்தான் வரும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதிப் போவார்கள். குடியிருக்கும் இடம் எதுவோ அதையே எழுதுங்கள், அதற்கான சான்றையும் தயாராக வையுங்கள். தேவகோட்டை, காரைக்குடியெல்லாம் சிவகங்கை மாவட்டம் என்பதால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வரும். ராயவரம், ராங்கியம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், அது திருச்சி.

அப்பச்சி பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று விட வேண்டாம். போய் இறங்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மீதம் இருக்க வேண்டும் என்பதே மலேசியா, சிங்கப்பூர் இரண்டின் விதியும். ஆறு மாதத்துக்கு ஒரு வாரம் குறைந்தாலும் திருச்சியிலேயே நிறுத்திவிடுவார்கள். காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கி ஒன்றாகக் கூட்டிப் போய்விடுங்கள்.

இனி வழி. எல்லாரும் செய்வது திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே விமானம் மாறிப் பினாங்கு. உங்கள் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கோலாலம்பூரில் இரண்டு முனையம் உண்டு, நடுவில் ரயிலில் போக வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். 71 வயதில் முதல் விமானத்தில் வந்திறங்கும் மனிதருக்கு அது பெரிய அலைச்சல். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரம்தான். முதலில் அங்கே போகட்டும். தம்பி வந்து கூட்டிப்போவார். நான்கைந்து நாள் ஓய்வெடுத்துவிட்டுத் தம்பியோடு பினாங்கு போய்ப் பூசம் பார்த்துத் திரும்பட்டும். கடினமான பகுதி எதுவோ அப்போது விவரம் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிப் போனால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறார்கள். விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று வந்தவுடன் தாளைப் பாருங்கள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கூலி தனி. தம்பி அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ வாங்கியவர் என்றால் அவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் அனுமதி பெற்ற முகவர் வழியாக. படம் வெள்ளைப் பின்னணியில், 35க்கு 45 மில்லிமீட்டர், மூன்று மாதத்துக்குள் எடுத்தது. ஆல்பத்திலிருந்து வெட்டிக் கொடுக்காதீர்கள்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. நீங்கள் போகும் தேதிக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று டிக்கெட் போடும் அன்றே உறுதிசெய்யுங்கள். விசா வேண்டாம் என்றால் எதுவும் வேண்டாம் என்று பொருளில்லை. திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் மூன்றையும் கேட்பார்கள். இரண்டு நாட்டுக்கும் மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும், வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள். இரண்டுமே இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் பிடுங்கும் போலித் தளங்கள்தான். அட்டைக்குக் காசு கேட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பும்போது புதிதாக இன்னொரு அட்டை நிரப்ப வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சில வருடம் முன்பு ஒரு பெரியவருக்கு நானே டிக்கெட் போட்டேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. டிக்கெட் தளம் காலியாக விட ஒப்பவில்லை. அவசரத்தில் அவருடைய விலாசத்தின் இரண்டு எழுத்தை அந்த இடத்தில் போட்டுவிட்டேன். கவுன்டரில் 'பாஸ்போர்ட்டில் இந்த எழுத்தே இல்லையே' என்று நிறுத்திவிட்டார்கள். திருத்தி ஏற்றுவதற்குள் ஒன்றரை மணி நேரம் அந்த மனிதர் நின்றார். இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாதவருக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. சிலர் இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள். அந்த நிறுவனத்தைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. 15ஆம் தேதி 00:25 என்று டிக்கெட்டில் இருந்தால் 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தேதியைத் தமிழில், கிழமையோடு, 'செவ்வாய் ராத்திரி 7 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பூசத்துக்குப் பினாங்கில் அறை கிடைப்பது கஷ்டம், டிக்கெட்டோடு அதையும் முடியுங்கள். முந்தின நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி வாட்டர்ஃபால் ரோடு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகும். வழியெல்லாம் சிதறுதேங்காய் மலைபோலக் குவியும். அப்பச்சி அதைப் பார்க்கத்தானே போகிறார், பார்க்கட்டும். ஆனால் ரதத்தோடு நடக்க வேண்டாம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். உடைந்த ஓட்டில் வெறுங்காலோடு நடப்பது சர்க்கரை உள்ளவருக்கு ஆபத்து. பாதத்தில் சின்னக் கீறல்கூட அவருக்கு உடனே தெரியாது, ஆறவும் நாளாகும். அறைக்கு வந்ததும் ஆத்தா இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். விமானத்தின் அடியில் சரக்கு அறையில் குளிர் அதிகம், உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. பார்ப்பதற்கு மாற்றமே தெரியாது, அதுதான் பயம். கையில் வைக்கும் பையில், குளிர் காக்கும் சின்ன உறையில், பனிக்கட்டி நேரடியாகப் படாமல் வையுங்கள். ஊசிக்கும் மருந்துக்கும் மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில் வேண்டும், மருந்தின் மூலப் பெயரோடு. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள், அட்டையோடு இருக்கட்டும். தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வையுங்கள், பாதி அப்பச்சி கைப்பையில், பாதி ஆத்தா கைப்பையில். ஆத்தா தூக்க மாத்திரை போடுகிறவரா? கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ரமடால் போன்ற வலி மாத்திரை உண்டா? இவற்றில் சிலவற்றுக்குச் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். தம்பியை முன்கூட்டியே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். முதல் நாள் ஊசியை எந்த நேரத்துக்குப் போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். விமானத்தில் சாப்பாடு தாமதமாகலாம், பையில் பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையை மறைக்காதீர்கள். 'சொன்னால் பிரீமியம் ஏறும்' என்று ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். மறைத்து எடுத்த காப்பீடு, ஆஸ்பத்திரியில் படுத்த அன்று கைவிடும். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசரத்துக்கும் பணம் கொடுக்கும் பாலிசிதானா என்று அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சிங்கப்பூர் அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது. நான் யாருக்கும் 50,000 அமெரிக்க டாலருக்குக் குறைந்த மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுப்பதில்லை.

இனி சாமான். மகன் வீட்டுக்குப் போகும் ஆத்தாவை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல், மாவுருண்டை எல்லாம் தாராளமாகப் போகட்டும், பெரிய பெட்டியில். ஊறுகாயும் மிளகாய்த் தூளும் கைப்பையில் கூடாது, அதுவும் பெரிய பெட்டிக்குத்தான், இரட்டை உறையில். மசாலாப் பொடியில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். நம் குருமாப் பொடியில் கசகசா இருக்கும். சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், அமீரகத்தில் அதற்காகச் சிறைக்கே போயிருக்கிறார்கள். அது அபினிச் செடியின் விதை. கசகசா இல்லாமல் தனியாக இடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அரைத்த மிக்ஸியையும் கழுவிவிட்டு. உப்புக்கண்டம் கேட்டுத் தம்பி ஆசைப்படுவார், வேண்டாம். வீட்டில் செய்த இறைச்சியை அங்கே உள்ளே விடுவதில்லை. கொப்பரையும் சூடமும் தீப்பெட்டியும் விமானத்தில் ஏறாது, எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள்கள். பூசத்துக்குத் தேவையான தேங்காயும் சூடமும் பினாங்கிலேயே வாங்கலாம். அப்பச்சிக்கு வெற்றிலையோடு புகையிலை பழக்கம் உண்டென்றால், மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு குச்சிக்குக்கூட வரிவிலக்கு இல்லை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

இதைவிட முக்கியமானது, அடுத்தவர் பொட்டலம். பயணம் என்று தெரிந்ததும் தெருவே வந்துவிடும். 'எங்க பிள்ளைக்கு இந்த ஒரு கிலோ பலகாரம் மட்டும் ஆச்சி' என்று கேட்கும்போது மறுப்பது நம் வளர்ப்புக்குக் கஷ்டம். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் ஊரார் கொடுத்த கடிதமும் சாமானும் வாங்கிக்கொண்டு போவார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால், அந்தப் பக்கம் கிட்டங்கியில் (செட்டியார்களின் தொழில் கூடம்) வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஆள் இருப்பார். இன்றைய சட்டம் அந்தப் பழக்கத்தை அறியாது. சிங்கப்பூரில் 15 கிராம் ஹெராயினுக்கு மேல், 500 கிராம் கஞ்சாவுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. உங்கள் பெட்டியில் இருந்தால் அது உங்களுடையது என்றுதான் தொடங்குவார்கள், 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கு யார் கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. நெருங்கிய உறவு என்று மறுக்க முடியாவிட்டால், உங்கள் கண்முன்னே பிரித்துக் கொட்டிப் பார்த்து, நீங்களே கட்டி எடுங்கள். மற்றவர்களிடம் 'எடை மிச்சமில்லை' என்று சொல்லுங்கள். விமான நிலைய வரிசையில் யாராவது 'இந்தப் பையை ஒரு நிமிடம் பார்த்துக்கோங்க ஆத்தா' என்றால் 'முடியாது' என்று தலையசைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இதை இருவருக்கும் இரண்டு முறை சொல்லுங்கள்.

நகை. வைரத் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்ற மாட்டேன் என்று ஆத்தா சொன்னால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். எடையும் படமும் மதிப்பீட்டாளர் சீட்டும் வேண்டும், ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். அந்தத் தாள் இருந்தால் திரும்பும்போது 'இது வெளிநாட்டில் வாங்கியதா' என்ற கேள்வி எழாது. பெண்களுக்கு 40 கிராம் விலக்கு என்று யாராவது சொல்வார்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புபவர்களுக்கு. மூன்று வாரப் பயணத்துக்குக் கிடையாது. என்னைக் கேட்டால் தாலிச் சங்கிலி போதும், மற்றது லாக்கரில்.

பணத்தில் சொல்ல அதிகம் இல்லை. இந்திய ரூபாய் 25,000க்கு மேல் கையில் கொண்டுபோகக் கூடாது. வெளிநாட்டுத் தாளை உரிமம் பெற்ற மாற்றுநரிடம் பான் கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். பினாங்குக்கு ரிங்கிட் கொஞ்சம், சிங்கப்பூர் டாலர் கொஞ்சம் போதும். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு வழக்கமாக அடைத்தே இருக்கும், செயலியில் திறந்துவிட்டுப் போங்கள். அங்கே கடையில் 'ரூபாயில் எடுக்கட்டுமா' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள், ரூபாயில் எடுத்தால் மாற்று விலை கூடும். அப்பச்சியின் இந்திய எண்ணுக்கு ரோமிங் போடுங்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

இனி உங்கள் சித்தப்பா மகன். அந்தப் பிள்ளையிடம் நானே பேசத் தயார். சுற்றுலாவுக்குப் போய் வேலை தேடக் கூடாது. விசா இல்லாமல் உள்ளே விடும் அனுமதி சுற்றிப்பார்க்க மட்டும். அதில் வேலை செய்தால் பிடிபட்டு முகாமில் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்ப முடியும். அவன் பத்தாம் வகுப்பு முடிக்காதவன் என்றால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வேலைக்கு அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. முறையாகப் போகட்டும். முகவருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம் கேட்பவர் முகவர் இல்லை. 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, விசிட் விசா போதும்' என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகளைக் கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த செய்திகள் 2022 முதல் வந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பயணத்தில் அவன் திரும்பும் டிக்கெட்டோடு வந்து, பெரியவர்களுக்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு, வேவு என்னும் சீர்முறைக்கு, எல்லாவற்றுக்கும் சிட்டை எழுதும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதே மாதிரி இந்தப் பயணத்துக்கு ஒன்று. பாஸ்போர்ட் எண்கள், விசா எண், விமான எண், காப்பீட்டு எண்ணும் அவசரத் தொலைபேசியும், தம்பி வீட்டு முகவரி ஆங்கிலத்தில், மருந்துகளின் பெயர், இரத்த வகை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள இந்தியத் தூதரக எண்கள். மலேசியாவில் அவசரத்துக்கு 999. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட் நகல். இதே சிட்டையின் நகல் உங்களிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று. பாஸ்போர்ட் தொலைந்தால் அங்கே போலீசில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு தூதரகம் போனால் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். நகல் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும். மலேசியாவில் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். பூசக் கூட்டத்தில் மேல்துண்டு மடிப்பிலோ சட்டைப் பையிலோ வைக்காமல் இடுப்பில் உள்ளே கட்டும் பையில் வையுங்கள்.

வீட்டை யாரிடம் விடுகிறீர்கள்? மூன்று வாரம் பூட்டிய வீடு என்று காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வளவைத் திறந்து பார்க்க நம்பிக்கையான ஒருவர் வேண்டும். 'பினாங்கு கிளம்பிவிட்டோம்' என்று வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் அன்று பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை செய்துவிட்டு அப்படியே விமான நிலையம் போவோம் என்று அப்பச்சி சொல்வார். அதை முந்தின நாள் காலையில் முடித்துவிடுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே நிற்க வேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். நல்லவேளையாக விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது, திருச்சி ஊருக்குள் நுழைய வேண்டாம். 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய புது முனையம் பெரியது, நடக்க வேண்டிய தூரமும் கூடியிருக்கிறது. அப்பச்சிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். அவர் கௌரவம் பார்ப்பார். 'வரிசையில் நிற்க வேண்டாம் அப்பச்சி, நேரே கூட்டிப் போவார்கள்' என்று சொன்னால் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டவர்கள் யாரும் பிறகு வருத்தப்பட்டதில்லை.

சிங்கப்பூரில் இறங்கியதும் பாஷை தெரியாதே என்று ஆத்தா பயப்பட வேண்டாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி நான்கில் ஒன்று, அறிவிப்புப் பலகையிலேயே பார்க்கலாம். அதிகாரி கேட்பது மூன்று: எதற்கு வந்தீர்கள், யார் வீட்டில், எத்தனை நாள். வீட்டில் நான்கு முறை கேட்டுப் பழக்குங்கள். இருவரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். அப்பச்சி 'இரண்டு வாரம்', ஆத்தா 'ஒரு மாதம்' என்றால் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

ஆத்தாவின் நான்கு ஆவணங்களையும் இந்த வாரமே எடுத்து வைத்துப் பாருங்கள் ஆச்சி. பாஸ்போர்ட் படிவத்தை அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், பெயர் எழுதிய பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டுங்கள்.